பின்னறையில் ஒரு கோடு

இதைக் கொஞ்சம் பிடியுங்கள். கனம் இருக்காது, காலிப் பெட்டிதான். கீழே வேண்டாம், மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழே யாரோ வாந்தி எடுத்திருக்கிறார்கள், அதன் மேல் இவர்கள் மண்ணைத் தூவி வைத்திருக்கிறார்கள். மண்ணைத் தூவிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று கணக்கு. இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான்.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் கல்குறிச்சியில் இறங்கிவிடுவார். டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருக்கிறார் பாருங்கள். தூரம் போகிறவர் டிக்கெட்டை அப்படிச் செய்யமாட்டார். அதுவரை நிற்கிறேன்.

சொன்னேன் அல்லவா. நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி. பெட்டி உங்களிடமே இருக்கட்டும், இருக்கையில் ஏதோ பிசுபிசுவென்று இருக்கிறது, முதலில் துடைத்துவிடுகிறேன். சீ.

காலிப் பெட்டியை எதற்கு மதுரைக்குக் கொண்டுபோகிறான் என்றுதானே பார்க்கிறீர்கள். அதில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள். முந்நூறு. வேகமாம் அது. அதன் கீழே? 'வீடு முழுவதும்.' நான் சொல்லவில்லை, அவன் அச்சடித்திருக்கிறான். பக்கத்தில் ஒரு படம். அப்பா, அம்மா, மகள், ஒரு குழந்தை, எல்லோரும் ஒரே சோபாவில். எல்லோருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. அந்தப் பல்லைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

இது ரவுட்டர். வீட்டுக்குள் ஒயரில் வருகிற நெட்டைக் காற்றில் அனுப்புகிற சாதனம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அட, நீங்களும் வாங்கப்போகிறீர்களா? விலை குறைவாக? அப்படியானால் கேளுங்கள். வாங்குகிறவனுக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான். குறைவது விலை மட்டும் அல்ல.

நான் முப்பத்தோரு வருஷம் எடைக்கல்லுக்கு முத்திரை போட்டவன். முத்திரை ஆய்வாளர் தவசிலிங்கம் என்றால் அருப்புக்கோட்டையில் பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும். தெரியும் என்றால், பிடிக்கும் என்று அர்த்தம் இல்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே எத்தனை கடையில் கல் மாறும் தெரியுமா? தராசுத் தட்டுக்கு அடியில் புளி உருண்டையை ஒட்டிவைப்பார்கள். படியின் அடியை வெளியிலிருந்து தட்டி உள்ளே எழுப்பிவிடுவார்கள், மேலே பார்த்தால் முழுப்படி. இரும்புக் கல்லுக்கு அடியில் ஒரு குழி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதில் ஈயத்தை ஊற்றித்தான் எடையைச் சரிக்கட்டி, ஈயத்தின் மேல் முத்திரை குத்துவோம். அந்த ஈயத்தைச் சுரண்டுவார்கள். திருடனைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வராது. அளவு குறைக்கிறவனைப் பார்த்தால் குமட்டும். திருடன் ஒரு வீட்டில் ஒரு தடவை எடுக்கிறான். இவன் தெருவில் இருக்கிற அத்தனை உலையிலிருந்தும் தினம் ஒரு பிடி எடுக்கிறான், எடுத்துவிட்டு வணக்கமும் வைக்கிறான்.

பந்தல்குடி ரோட்டில் ஒரு மளிகைக் கடை. வேலாயுதபெருமாள் என்று பெயர். நெற்றி நிறைய விபூதி. ஐந்து கிலோ கல்லில் பன்னிரண்டு கிராம் குறைவு, ஈயம் குழிந்திருந்தது. "எங்க அப்பா வச்ச கல்லு சார், தேஞ்சிருக்கும்" என்றார். தேயும்தான். இரும்பு தேயும், ஈயமும் தேயும், நான் இல்லை என்று சொல்லவில்லை. தேய்ந்தால் யார் கொண்டுவந்து காட்ட வேண்டும்? கடையிலேயே வைத்துப் பறிமுதல் செய்தேன். வழக்கு, அபராதம், பத்திரிகையில் ஒரு மூலையில் பெயர். அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் ஆட்கள் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். குறையத்தான் வேண்டும்.

அந்த வீட்டுக்குத்தான் என் மகள் போனாள். எனக்கு ஒரே மகள். அவர் மகனை அவளே பார்த்துக்கொண்டாள், அவளே முடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் ஆகிறது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை, பணம் பார்க்கிறவனும் இல்லை. ஆனால் ஊரில் அத்தனை வீடு இருக்க, ஈயம் சுரண்டின வீடுதானா கிடைத்தது? சண்டையெல்லாம் போடவில்லை. ஒரே வாக்கியம். "நான் வீட்டுல இருக்கிறவரைக்கும் உன் காலு இந்த வாசல்ல படக் கூடாது." அளந்து சொன்ன வாக்கியம். அவளும் அதை மீறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இதே ஊரில்தான் இருக்கிறாள், நாலு தெரு தள்ளி. வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாளாம். ஒரு குழந்தை இருக்கிறதாம், மூன்று வயது. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. இதெல்லாம்கூட ஓய்வூதியர் சங்கத்தில் யாரோ சொல்லிக் காதில் விழுந்ததுதான்.

அதை விடுங்கள். ரவுட்டருக்கு வருகிறேன்.

பூரணம்தான் கேட்டாள். என் மனைவி. "ஏங்க, நம்ம வீட்டுக்கும் நெட்டு போட்டா என்ன?" எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் கேட்கிற ரகமே இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு சேலை வேண்டும் என்றுகூட வாயைத் திறந்து கேட்டதில்லை. பழைய காலத்து மனுஷி. வாசலில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று, அடுப்பில் இருக்கிறதை விட்டுவிட்டு ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பாள். என் செருப்பு, தபால்காரர் செருப்பு, யாருடையதாக இருந்தாலும் சரி. நான் இதற்கெல்லாம் குனிகிறவன் இல்லை. செருப்பு கவிழ்ந்தா சண்டை வருகிறது? அப்படிப்பட்டவள் நெட் வேண்டும் என்கிறாள். எதற்கு என்றேன். சாமி பாட்டு, சமையல், தெருவில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். கேட்காதவள் கேட்கிறாள், சரி என்றேன்.

கேபிள்காரர் செல்வக்கனி வந்து சுவரில் சின்னதாக ஒரு வெள்ளை டப்பாவை வைத்துவிட்டு, ரவுட்டரும் நானே தருகிறேன் சார், இரண்டாயிரம் என்றார். விடுவேனா? முத்திரை இல்லாத கல்லை முகத்துக்காக வாங்குகிறவனா நான்? விசாரித்துவிட்டு மதுரைக்குப் போனேன்.

கடைப் பெயர் வேண்டாம். ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடிப்படி, படி முழுக்க எச்சில் கறை. மேலே ஐந்தாறு கடை, எல்லாம் ஒரே கடை மாதிரி. கடைக்காரர் வடை தின்றுகொண்டிருந்தார். அந்த எண்ணெய்க் கையாலேயே பெட்டியை எடுத்து வைத்தார். பாருங்கள், இந்த மூலையில் இன்னும் இருக்கிறது, அவர் கட்டைவிரல். "ஆயிரத்துக்குள்ள போதுமா சார், கொஞ்சம் மேல போறீங்களா?" என்ன வித்தியாசம் என்றேன். "இதுக்கு ரெண்டு கொம்பு சார். அதுக்கு நாலு கொம்பு." ஆன்டெனாவைத்தான் கொம்பு என்று எண்ணி விற்கிறார், மாட்டுச் சந்தை மாதிரி. எவ்வளவு தூரம் போகும், சுவரைத் தாண்டுமா, எத்தனை அடிச் சுவர் என்று கேட்டேன். "வீட்டுல எத்தனை பேரு சார்?" என்றார். இரண்டு பேர் என்றேன். "ரெண்டு பேருக்கு இது தாராளம்."

தாராளம். அது ஓர் அளவா, சொல்லுங்கள். லிட்டர் தெரியும், மீட்டர் தெரியும். தாராளத்துக்கு எங்கே முத்திரை குத்துவது? இருந்தாலும் வாங்கினேன். பெட்டியில்தான் வீடு முழுவதும் என்று போட்டிருக்கிறதே.

வீட்டில் வைத்தாயிற்று. டிவி ஸ்டாண்டு மேலே, கூடத்தில். சூடானால் புதுப் பிளாஸ்டிக் ஒரு நாற்றம் நாறும், அந்த நாற்றம். மூன்று பச்சை விளக்கு, கிணற்றுத் தவளை மாதிரி முழித்துக்கொண்டு. எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. நான் என் வழக்கப்படி நோட்டு போட்டேன். வேகம் பார்க்கிறதற்குப் போனிலேயே வழி இருக்கிறது. ஒவ்வோர் அறையாக நின்று, காலை, மதியம், மாலை, ஒரு வாரம். கூடத்தில் முப்பத்தெட்டு. எங்கள் அறையில் இருபத்தாறு. அடுப்படியில் இருபத்தொன்று. பின்னறையில் நாலு. நாலு. போனில் ஒரே ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும்.

செல்வக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் கட்டுகிற பணத்துக்கு நாற்பதுதான் சார் வரும், பெட்டியில் முந்நூறு என்றால் அது வேறு என்றார். எப்படி வேறு? ஐந்து கிலோ என்று கல்லில் எழுதியிருந்தால் ஐந்து கிலோ. கடையில் சரக்கு இல்லை என்றால் கல் மேல் ஏன் ஐந்து என்று இருக்கிறது? அவருக்கு விளங்கவில்லை. சரி, நாற்பதே இருக்கட்டும். பின்னறையில் நாலு ஏன்?

"அது பழைய சுண்ணாம்புச் சுவரு சார். ஒன்றரை அடி இருக்கும்போல. பின்னறையில யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"பெறகு எதுக்கு சார் அங்க?"

இதுதான் எனக்குக் குமட்டுகிற பேச்சு. யாரும் இல்லை. ஆறு வருஷமாக யாரும் இல்லை. அவள் படித்த மேசையும் அலமாரியும் கிடக்கின்றன, மற்றபடி நான் சேர்த்துவைத்த காலிப் பெட்டிகள். மிக்சி பெட்டி, ஃபேன் பெட்டி, எல்லாம். அதனால்? காலி அறை என்றால் அளவு குறையலாமா? வீடு முழுவதும் என்றால் அதுவும் வீடுதானே?

காரியாபட்டி வரப்போகிறது. உங்களுக்கு அவசரம் இல்லையே? சரி.

இதற்கு நடுவில் வீட்டில் சில விஷயங்கள் அளவு தப்ப ஆரம்பித்தன. முதலில் பால். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலக் காப்பிக்குப் பால் போதவில்லை. மற்ற நாளில் மிஞ்சுகிறது. பால்காரரிடம் கேட்டால் முறைக்கிறார். அவருடைய அளவையை வாங்கிவந்து வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. "பூனை குடிச்சிருக்கும்" என்றாள் பூரணம். செவ்வாய், வெள்ளி மட்டும் குடிக்கிற பூனை.

அடுத்தது டிவி. நான் செய்தியும் விவாதமும் பார்க்கிறவன். போட்டவுடன் 'உங்களுக்காக' என்று வரிசையாகப் படம் வந்து நிற்கும் அல்லவா? ஒரே குழந்தைப் பாட்டாக வந்து நிற்கிறது. யானை குளிக்கிற பாட்டு. எலி பல் விளக்குகிற பாட்டு. அறுபத்தாறு வயது ஆளுக்கு எலி பல் விளக்குகிற பாட்டு. பூரணத்தைக் கேட்டால், "விளம்பரம்போல" என்கிறாள். நான் நினைத்தேன், எவனோ நம் நெட்டை வெளியிலிருந்து எடுக்கிறான், அவன் பார்க்கிற குப்பையெல்லாம் நம் டிவியில் ஒட்டுகிறது என்று. அப்படி ஒட்டாது என்று பிறகு செல்வக்கனி சொன்னார். ஆனால் எடுக்கிறவன் இருப்பது உண்மை.

ரவுட்டருக்கு என்று போனில் ஓர் ஆப் ஏற்றித் தந்தார். அதில் யார் யார் நம் நெட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியலே வரும். நல்ல ஏற்பாடு, அந்தச் சாதனத்தில் உருப்படியான ஒரே விஷயம் அதுதான். என் போன், பூரணம் போன், டிவி. நாலாவதாக ஒன்று. ஏதோ எழுத்தும் எண்ணுமாகப் பெயர். "இது லேப்டாப் சார்" என்றார் செல்வக்கனி. எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது. எப்போது வந்தது என்று பார்த்தால், செவ்வாய் பத்தரையிலிருந்து பன்னிரண்டே முக்கால். வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டே முக்கால். அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. மணி பிசகாமல்.

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு நான் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போவேன். கண் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது, விண்ணப்பம் நிரப்புவது. ஒரு மணிக்குத் திரும்புவேன். பூரணம் ஒன்பதே முக்காலுக்கே குடையும் கையுமாக வாசலில் நிற்பாள். இந்தப் பொறுப்பு வேறு யாருக்கு வரும்? ஆக, வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நேரம் பார்த்து எவனோ எடுக்கிறான்.

"பிளாக் பண்ணிரவா சார்? ஒரு தட்டுதான். அதுக்கப்புறம் அந்த லேப்டாப்புக்கு உங்க வீட்டுல நெட்டே வராது." போனில் சிவப்பாக ஒரு கட்டம் வந்து நிற்கிறது, அவர் விரல் அதன் மேலே நிற்கிறது.

அப்போதுதான் பூரணம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாளோ. "ஏங்க, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

நமக்கு என்ன குறைந்தது என்று கேட்கிறவர்களால்தான் ஐந்து கிலோவில் பன்னிரண்டு கிராம் குறைகிறது. அதை அவளிடமே சொன்னேன். பழைய கதையை எதற்கு எடுக்கிறீர்கள் என்றாள். செல்வக்கனி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

ஆனால் தடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவுடன் கல்லைப் பறிக்கக் கூடாது. பறித்தால் ஆள் உஷாராகிவிடுவான். விட்டுப் பிடிக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். அதுதான் முறை. செல்வக்கனி விரலை எடுத்தார். பூரணம் உள்ளே போனாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை கூடுதல்.

பக்கத்து வீட்டு அருணகிரி மேல்தான் எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூட வாத்தியார். இனிப்பாகப் பேசுகிறவர், அதனாலேயே சந்தேகம். போன புதன்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவரை நிறுத்தி, உங்கள் வீட்டில் யாரோ என் நெட்டை எடுக்கிறார்கள் என்றேன். சுற்றிவளைக்காமல் சொல்வதுதான் என் வழக்கம். அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் வீட்டு அம்மாள்கூட வெளியே வந்துவிட்டார்.

"சார், எங்க வீட்டுக்கு நெட்டு வந்து மூணு வருசம் ஆச்சு. உங்க நெட்டு எங்களுக்கு எதுக்கு?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "செவ்வாயும் வெள்ளியும் உங்க வாசலப் பாத்தாலே தெருவுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்கதான் அந்நேரம் ஊருக்கு உபகாரம் பண்ணப் போயிருவீங்களே."

"அவரு வாயப் புடுங்காதீங்க, வாங்க" என்று அந்த அம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டார்.

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். தெரு முழுக்கத் தெரிந்து வைத்துக்கொண்டிருக்கிறது. கீரைக்காரிக்குத் தெரியும், இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வணக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அன்றைக்கு. பூரணம் ஏன் என்று கேட்டாள். எண்ணெய் சரியில்லை என்றேன்.

இன்றைக்கும் செவ்வாய்தான். சங்கத்துக்கு வரமாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டேன். மதுரைக்குப் போகிறேன், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் திரும்புவேன் என்று பூரணத்திடம் சொன்னேன். காது கொஞ்சம் மந்தம் அவளுக்கு, அதனால் இரண்டு தடவை சொன்னேன். ஆறு மணி. அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "ரவுட்டரையும் கழத்திட்டுப் போறீங்களா?" டிவி ஸ்டாண்டு மேல் கையை வைத்துக்கொண்டு, என்னவோ நான் அதைப் பிடுங்க வந்த மாதிரி.

"பெட்டி போதும்" என்றேன்.

போதும்தானே? வாக்கு பெட்டியில்தான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் கேட்கப்போகிறேன். வீடு முழுவதும் என்று அச்சடித்துவிட்டுப் பின்னறைக்கு ஒரு கோடு கொடுத்தால் எப்படி? அந்தப் பட்டியலில் நாலாவது சாதனத்துக்கு நேரே எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு கோடு. மற்ற மூன்றுக்கும் மூன்று, நாலு. எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. நாலு வேகத்தில் எவர் என்ன வேலை செய்ய முடியும்? ஒரு வேலை என்றால் அதற்குப் பாதியில் அறுந்துபோகாத அளவு வேண்டாமா? எடுக்கிறவன் திருடனாகவே இருக்கட்டும் தம்பி. கடைக்கு வருகிறவன் யோக்கியனா என்று பார்த்தா முத்திரை போட்டோம்? கல் எல்லோருக்கும் ஒரே எடை காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் கிடந்த பெட்டிகளையெல்லாம் எடுத்து மொட்டைமாடிக் கொட்டகையில் போட்டேன். சிக்னலுக்கு இடைஞ்சலாக இருக்கிறதோ என்று. மேசையைத் துடைத்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். பூரணம் வந்து அறை வாசலில் நின்று பார்த்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். பெட்டிகளை எடுத்த பிறகு அளந்து பார்த்தேன். ஐந்து. ஒன்றுதான் கூடியது. கோடு அதே ஒரு கோடு.

அதனால்தான் கிளம்பினேன். மாற்றித் தரமாட்டார்கள், எனக்குத் தெரியும். வித்தால் வித்ததுதான் என்பார்கள், அதே எண்ணெய்க் கையோடு. தராவிட்டால் போகட்டும். நாலு கொம்பு வைத்தது ஒன்று இருந்ததே, அதைப் பார்க்கலாம். இல்லை, பின்னறையில் தனியாகச் செருகிக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒன்று இருக்கிறதாம், செல்வக்கனி சொன்னார். வாங்குவதற்கு முன்னால் அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று. போன தடவை அதில்தான் ஏமாந்தேன். நீங்களும் வாங்கும்போது யோசித்துச் சொல்லுங்கள். இரண்டு என்று சொல்லிவிடாதீர்கள். நான் இன்றைக்கு நாலு என்று சொல்லப்போகிறேன். நாலு சாதனம். பட்டியலில் இருக்கிறது அவ்வளவுதானே.

பெட்டியைக் கொடுங்கள், இறங்குகிற நேரம் வந்துவிட்டது. பல்லைப் பாருங்கள் இதுகளுக்கு.

என்ன கேட்டீர்கள்? பிடித்தேனா என்றா?

சோதனைக்குப் போனேன். போன வெள்ளிக்கிழமை. சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு முறை இருக்கிறது. வழக்கம்போலக் கிளம்ப வேண்டும். வழக்கமான வழியில் போக வேண்டும். ஒரு கடையில் நின்று டீ குடிக்க வேண்டும், யாரும் பின்னால் வந்து பார்த்தால்கூடச் சந்தேகம் வராது. பிறகு வேறு வழியாகத் திரும்ப வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் இந்த முறை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பத்து மணிக்குக் குடையோடு கிளம்பினேன். சொக்கலிங்கபுரம் வரை போய் டீ குடித்தேன், கழுவாத கிளாஸ். பதினொன்று இருபதுக்குத் திரும்பினேன், பின்தெரு வழியாக. கேட்டைத் திறந்தால் கிறீச்சிடும், கொஞ்சம் தூக்கித் திறந்தால் சத்தம் வராது. தூக்கித் திறந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யானை குளிக்கிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூரணம் பாடுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. பின்னறைப் பக்கமிருந்து வேறு ஒரு குரல், போனில் பேசுகிற மாதிரி, "கேக்குதா, கேக்குதா, இப்ப கேக்குதா" என்று. அறுந்து அறுந்து போயிருக்கும். ஒரு கோட்டில் என்ன கேட்கும்?

படியில் பூரணத்தின் செருப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு லேடீஸ் செருப்பு, குதிகாலில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே வலதுகாலைச் சாய்த்து வைக்கிற நடை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. சிவப்பு. என் கையால் ஒரு சாணுக்கு மூன்று விரல் குறைவு. மேலே முயல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, ஒரு காது பிய்ந்துபோயிருந்தது. நடந்தால் கீச்சு கீச்சென்று கத்துமே, அந்த ரகம். அருவருப்பான சத்தம் அது, தெருவில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் ஒன்று நேராக இருந்தது. இன்னொன்று கவிழ்ந்து கிடந்தது.

குடையைச் சுவரில் சாய்த்தேன். குதிகாலை அமுக்கினால் கத்திவிடும். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தி, மற்றதற்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு, கேட்டைத் தூக்கிச் சாத்திக்கொண்டு சங்கத்துக்குப் போனேன்.